சான்றிதழில் இடமில்லாதவர்கள்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு, சூலக்கரை. எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 நமக்கு அண்ணலை இழந்த நாள். 1956ல் டெல்லியில் அவர் மறைந்தார். அதே தேதியில்தான் 1992ல் அயோத்தியில் பாபர் மசூதியை இடித்தார்கள். காலையில் சிலைக்கு மாலை போடப் போகும் நமக்கும், கருப்புப் பட்டை அணிந்து ஆர்ப்பாட்டத்துக்கு வரும் முஸ்லிம் தோழர்களுக்கும் ஒரே போலீஸ் வேன்தான் காவல் நிற்கிறது. இரண்டு கூட்டத்துக்கும் போக வேண்டியவர்கள் என்று சிலர் நம் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். பிறப்பால் சேரிக்காரர்கள், தேர்ந்தெடுத்த மார்க்கத்தால் முஸ்லிம்கள். இரண்டு கூட்டத்திலும் அவர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது.

மாணவர்கள் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு வேறு. மேற்கு நாடுகளில் முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 2004ல் பிரான்ஸ் அரசு பள்ளிக்கூடத்துக்குள் முக்காடு கூடாது என்று சட்டம் போட்டதையும், 2022ல் உடுப்பியில் கல்லூரி வாசலில் மாணவிகளைத் தடுத்து நிறுத்தியதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்றார்கள். நல்ல தலைப்புதான். அதைப் படிக்கத்தான் உட்கார்ந்தோம். படிக்கப் படிக்க அது எங்களைத் தென்காசிப் பக்கம் கொண்டுவந்து விட்டுவிட்டது. எப்படி என்று சொல்கிறோம்.

சுவிட்சர்லாந்தில் 2009 நவம்பரில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. பள்ளிவாசலுக்கு மினாரா கட்டலாமா கூடாதா என்பது கேள்வி. கூடாது என்று 57.5 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அந்த நாடு முழுவதும் அப்போது இருந்த மினாராக்கள் நான்கே நான்கு. நான்கு கோபுரத்துக்காக ஒரு நாடே அரசியல் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. எண்ணிக்கையில் சிறியவர்களைக் கண்டு பெரியவர்கள் அஞ்சுவது நமக்குப் புதிதல்ல. நம் ஊர்ப் பக்கம் ஒரு கொடிக்கம்பத்துக்கும் ஒரு சிலைக்கும் என்ன பாடு என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது வெளியிலிருந்து வரும் அடி. ஆனால் மேற்கில் முஸ்லிம் வாழ்க்கை என்றதும் துருக்கியர், அரபியர், பாகிஸ்தானியர் என்று வெளியிலிருந்து போனவர்களைத்தான் நினைக்கிறோம். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்குள்ள முஸ்லிம்களில் ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று பியூ ஆய்வு மையம் 2017ல் கணக்கெடுத்துச் சொன்னது. அடிமைகளாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களிலேயே முஸ்லிம்கள் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எஜமானன் கொடுத்த பெயரை உதறிவிட்டு இஸ்லாத்துக்கு வந்தார்கள். மால்கம் எக்ஸை உங்களுக்குத் தெரியும். அந்த 'எக்ஸ்', பறிக்கப்பட்ட குடும்பப் பெயருக்கு அவர் இட்ட அடையாளம். 1964ல் ஹஜ்ஜுக்குப் போய், நிறம் பார்க்காமல் எல்லோரும் ஒன்றாக உண்டு உறங்குவதைக் கண்டு உலுக்கப்பட்டவராகத் திரும்பினார். 1965 பிப்ரவரி 21 அன்று சுட்டுக் கொன்றார்கள்.

அவர் இறந்த அதே ஆண்டில் அமெரிக்காவின் குடியேற்றச் சட்டம் தளர்ந்தது. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் மருத்துவர்களும் பொறியாளர்களும் போனார்கள். வசதியான புறநகர்களில் அவர்களுடைய பள்ளிவாசல்கள் எழும்பின. கறுப்பினத்தவரின் பள்ளிவாசல்கள் நகரத்தின் பழைய தெருக்களில் இருந்தன. வெள்ளிக்கிழமை ஒரே வரிசையில் தோளோடு தோள் உரசித் தொழுகிறோம், ஆனால் பெண் கேட்டுப் போனால் கதவு திறப்பதில்லை என்று கறுப்பின முஸ்லிம்கள் இன்றும் எழுதுகிறார்கள். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டோம். இந்த வாக்கியத்தை நாங்கள் ஏற்கெனவே தமிழில் கேட்டிருக்கிறோம்.

சாதியும் அங்கே போயிருக்கிறது என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம். பிரிட்டனில் 2010ன் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்க 2013ல் நாடாளுமன்றம் வழிசெய்தது. 2018ல் அரசு பின்வாங்கிவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023ல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பினார். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சொன்னவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்களோ.

சிகாகோவில் வாழும் அப்துல் மாலிக் முஜாஹித் என்பவர் அங்குள்ள முஸ்லிம் அமைப்புகளில் முன்னணியில் இருந்தவர். அவர் 1989ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அதன் பொருள் சிகாகோ அல்ல, மீனாட்சிபுரம். சூலக்கரையில் பஸ் ஏறினால் சிவகாசி, ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் வழியாக அரை நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். அவருக்குத் தெரிந்த ஊர் நமக்குத் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டுத்தான் தலைப்பை மாற்றிக்கொண்டோம்.

மதம் மாறித் தப்பிக்கும் எண்ணம் நம் மண்ணுக்குப் பழையது. கமுதி கோயிலுக்குள் நாடார்கள் 1897ல் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908ல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. இடையில் 1899ல் சிவகாசி கொள்ளையடிக்கப்பட்டது. அந்த நாட்களின் நெருக்கடியில் நாடார்களில் ஒரு பகுதியினர் இஸ்லாத்துக்குப் போனார்கள். பெரும்பாலோர் போகவில்லை. உறவின்முறை வைத்து, மகமை வசூலித்து, பள்ளிக்கூடம் கட்டி, கடை வைத்து மேலே வந்தார்கள். கடைத்தெருவும் மூலதனமும் இருந்தவர்களுக்கு அந்த வழி திறந்தது. கூலியைத் தவிர எதுவும் இல்லாதவர்களுக்கு எது வழி? தீண்டாமை ஒழிய இஸ்லாத்துக்குப் போங்கள் என்று பெரியார் பல மேடைகளில் சொன்னது இந்தக் கேள்விக்குத்தான்.

1981 பிப்ரவரி 19. அப்போது நெல்லை மாவட்டத்தில் இருந்த, இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் மீனாட்சிபுரத்தில் நம் மக்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நாளில் கலிமா சொன்னார்கள். தென்னிந்திய இஷாஅத்துல் இஸ்லாம் சபை அதை நடத்தியது. ஊருக்கு ரஹ்மத் நகர் என்று இன்னொரு பெயர் வந்தது. அதுவரை அந்த ஊர் எங்கிருக்கிறது என்று கேட்காத டெல்லி கிளம்பி வந்தது. வாஜ்பாய் வந்தார். மத்திய உள்துறை இணையமைச்சர் மக்வானா வந்தார். ஆரிய சமாஜத்தார் வந்தார்கள். வளைகுடாப் பணம் பாய்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. விஸ்வ இந்து பரிஷத் நாடு முழுக்க வேகம் பிடித்ததற்கு இந்த ஊரும் ஒரு காரணம் என்பார்கள்.

மாறியவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள், நிலம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். சோற்றுக்கு இல்லாமல் மாறினார்கள் என்ற கதை அந்த ஊருக்குப் பொருந்தாது. படித்தும், நிலம் இருந்தும், டீக்கடையில் தனி கிளாஸ் ஏன் என்று கேட்டவர்கள் அவர்கள். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் இடிந்து 17 பேர் செத்தார்கள். அதன் பிறகு அந்த வட்டாரத்தில் பலர் இஸ்லாத்துக்குப் போனபோதும் அதே பழைய கேள்வியைத்தான் பத்திரிகைகள் கேட்டன: எவ்வளவு பணம் கொடுத்தார்கள்?

என்ன கிடைத்தது என்று நாங்களும் கேட்டிருக்கிறோம். மாறிய குடும்பத்தின் வயதான ஒருவர் எங்களிடம் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறோம். "எங்கப்பன் செத்தப்ப மழை. வயக்காட்டு வழியா பாடையத் தூக்கிட்டுப் போகவிடல. ஓடையில எறங்கி, நெஞ்சளவு தண்ணியில கொண்டு போனோம். நான் மாறுன மறுவருசம் எங்காத்தா போய்ச் சேந்துச்சு. சந்தூக்கு வந்துச்சு. முன்னபின்ன தெரியாத ஆளுக, பெரிய கடைக்காரங்க, ஆளுக்குப் பத்தடி தூரம் தோள் மாத்தித் தோள் மாத்தித் தூக்குனாங்க. மெயின் ரோட்டு வழியா போனோம். அன்னைக்கு நான் அழுதது ஆத்தாளுக்காக மட்டும் இல்ல."

இடஒதுக்கீடு, சலுகை என்று நாம் எத்தனை கணக்குப் போட்டாலும் இந்தப் பத்தடி தூரத்துக்கு அதில் கட்டமில்லை. சுடுகாட்டுப் பாதைக்கு மனுக் கொடுத்து மனுக் கொடுத்துக் கை சலித்த ஊர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பெயர் மாறியதும், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது 'பாய்' என்று ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டதும், நோன்புக் கஞ்சிக்கு ஒரே பாயில் உட்கார்ந்ததும் பொய்யல்ல. இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

ஆனால் அதே பெரியவர் அடுத்த பேச்சில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய மகளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஜமாஅத்தில் அவருக்குத் தலைக்கட்டு உண்டு, வரி கட்டுகிறார், பள்ளிவாசல் கூட்டத்தில் எழுந்து பேசுகிறார். வரன் பார்க்கும்போது மட்டும் கேட்கிறார்களாம்: "நீங்க பூர்வீகம் எந்த ஊரு? ராவுத்தரா, லெப்பையா, மரைக்காயரா?" அவர் ஊர்ப் பெயரைச் சொன்னதும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. யாரும் கடிந்து பேசுவதில்லை. டீ கொடுத்து அனுப்புகிறார்கள். கடைசியில் மாறிய குடும்பங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. புதிய பெயரில் பழைய சேரி.

அன்வர் பாலசிங்கம் எழுதிய 'கருப்பாயி என்கிற நூர்ஜஹான்' நாவல் 2011ல் வந்தபோது எழுந்த சலசலப்பு சிலருக்கு நினைவிருக்கும். மதம் மாறிய குடும்பத்துப் பெண்களுக்கு மாப்பிள்ளை கிடைக்காத துயரத்தைப் பேசிய நாவல் அது. வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று கோபப்பட்டவர்கள் உண்டு. மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு முஸ்லிம்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போகும் உத்தேசம் எங்களுக்கு இல்லை. இந்த அரங்கில் பள்ளர், பறையர், அருந்ததியர் மூன்று தரப்பும் உட்கார்ந்திருக்கிறோம். ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுத்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்கச் சொன்னால் மேடையிலிருக்கும் எங்களில் சிலருடைய கையும் மடியிலேயேதான் கிடக்கும்.

இனி அரசாங்கம். அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி 1950ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையில் மூன்றாவது பத்தி ஒன்று இருக்கிறது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்பது அதன் பொருள். 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் போனவர்களுக்கு மட்டும் கதவு இன்னும் சாத்தியிருக்கிறது. இஸ்லாத்தில் சாதி இல்லையே, பிறகு எதற்குப் பட்டியல் என்று கேட்கிறார்கள். சீக்கியத்தில் சாதி உண்டா? பௌத்தத்தில் உண்டா? மதத்தின் நூலில் இல்லாதது தெருவில் இருக்கிறது என்று அவர்களுக்கு ஒப்புக்கொண்ட அரசு, இவர்களுக்கு மட்டும் நூலைக் காட்டுகிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் 2004 முதல் வழக்கு கிடக்கிறது. 2022ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். அதற்கும் கால நீட்டிப்புக் கொடுத்தார்கள்.

மதம் மாறினால் போவது கல்வி உதவித்தொகை மட்டுமல்ல. தனித்தொகுதியிலும் தனி ஊராட்சியிலும் நிற்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு போய்விடுகிறது. அடிக்கிறவன் சாதி சொல்லித்தான் அடிப்பான். ஸ்டேஷனில் எழுதும்போது, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்ல என்று பிரிவு போடாமல் விட்டுவிடலாம்.

தமிழ்நாட்டுக் கதை இன்னும் கொஞ்சம் சிக்கல். இங்கே 2007ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. ஏழு பிரிவினருக்கு அது பொருந்தும்: அன்சார், தக்கானி முஸ்லிம், தூதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத். புதிதாக வந்தவர் இந்த ஏழில் யார்? யாருமில்லை. அரசுப் பணியாளர் தேர்வாணையம் அவர்களைப் பொதுப்பிரிவில் தள்ளியது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. சேரியில் பிறந்து முஸ்லிமானவர் முன்னேறிய வகுப்பினரோடு போட்டியிட வேண்டும்! 2024 மார்ச்சில் தமிழக அரசு, மதம் மாறியவர்களையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதலாம் என்று ஆணை போட்டது. வரவேற்கிறோம். ஆனால் அது 18 விழுக்காட்டிலிருந்து 3.5க்கு இறங்கும் படி என்பதை மறக்கவில்லை.

அந்தப் படியிலும் கால் வைப்பது எளிதில்லை. எங்கள் மன்றத்தோடு பழக்கமுள்ள ஒரு குடும்பம். அண்ணன் தம்பி இருவர், பொதுச்சுவர் வைத்த இரண்டு வீடு. இருவருமே பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிறவர்கள். தம்பி பதினைந்து வருடங்களுக்கு முன் முஸ்லிமானார். ஒரே மாட்டுத் தொழுவம், ஒரே குடிதண்ணீர்க் குழாய், பொங்கலுக்கும் பெருநாளைக்கும் பாத்திரம் சுவரைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். அண்ணன் மகள் உதவித்தொகையில் பொறியியல் முடித்துவிட்டாள். தம்பி மகள் நர்சிங் சேர வேண்டும். சான்றிதழுக்காக ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனோம், எங்களில் மூன்று பேரும் கூடவே. அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டார். கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீங்க எந்த முஸ்லிம்? ராவுத்தரா, லெப்பையா?"

கல்யாணத் தரகர் கேட்ட அதே கேள்வி. தமிழ்நாடு அரசும் தரகரும் ஒரே வரிசையில்தான் பெயர்களைச் சொல்கிறார்கள். அரசாணை நகலைக் காட்டினோம். அப்பாவுடைய பழைய சாதிச் சான்று, அரசிதழில் பெயர் மாற்றம், ஜமாஅத் கடிதம், இன்னும் என்னென்னவோ கேட்டார்கள். அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு வருடமாகச் சக்கரம் சுற்றுகிறாள். சக்கரம் என்றால் வெளியூர் மாணவர்கள் குழம்ப வேண்டாம், தரைச்சக்கரம், பட்டாசு.

நம்மிடையே ஓர் அச்சம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் பேசிவிடலாம். மூன்றாவது பத்தியை நீக்கினால் இருக்கிற 18 விழுக்காட்டைப் பங்குபோட இன்னும் ஆட்கள் வருவார்கள் என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். எங்கள் மன்றத்திலும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. போன மாதக் கூட்டம் கசப்பாகத்தான் முடிந்தது. எங்களில் பெரும்பாலோர் கருதுவது இது: வருகிறவர்கள் அயலார் அல்லர், நம் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டவர்கள். அவர்களைத் திரும்ப எண்ணும்போது விழுக்காட்டையும் எண்ணிக்கைக்கேற்ப உயர்த்தக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் கேட்க வேண்டும். பங்கு குறையும் என்பதற்காக அண்ணன் தம்பியைப் பிரித்துவைக்கும் சட்டத்துக்கு நாம் காவல் நின்றால், 1935ல் இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அண்ணல் சொன்னதை ஆண்டுதோறும் சொல்லிக் கைதட்டுவதில் பொருளில்லை. அவர் இருபத்தொரு ஆண்டுகள் எல்லா மதத்தையும் எடைபோட்டுப் பார்த்துப் பௌத்தத்துக்குப் போனார். மீனாட்சிபுரத்தார் வேறொன்றை எடுத்தார்கள். தேர்வு அவர்களுடையது. தேர்ந்ததற்குத் தண்டம் விதிப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

அதே மூச்சில் ஜமாஅத்துகளிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. பிரான்ஸில் முக்காட்டுக்கு அடி விழுந்தால் இங்கே கண்டனக் கூட்டம் போடுகிறார்கள், அந்தக் கூட்டத்தில் நாங்களும் நின்றிருக்கிறோம், இனியும் நிற்போம். உங்கள் திருமணப் பதிவேட்டை எடுத்து, பூர்வீகக் குடும்பமும் புதிய குடும்பமும் சம்பந்தம் செய்த பக்கங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள் என்று கேட்கும் உரிமை அந்த நிற்பில் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறோம். சில இளைஞர்கள் ஏற்கெனவே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் இருவர் இங்கே பின்வரிசையில் இருக்கிறார்கள், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

அந்தத் தம்பி மகள் இன்று காலை தலையில் முக்காட்டோடு வந்து அண்ணல் சிலைக்கு மாலை போட்டார். பெரியப்பா மகளும் கூட வந்தார். மறுபடி விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நமக்குக் கூப்பிடு தூரம்தான். வருகிற திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மனுவின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது. மூன்றாவது பத்தியை நீக்கக் கோரும் தீர்மானமும் அங்கேயே இருக்கிறது. அதில் உடன்பாடில்லாத தோழர்கள் மனுவில் மட்டுமாவது கையெழுத்திடுங்கள். காலை பத்து மணிக்குள் வந்தால் வரிசையில் முன்னால் நிற்கலாம். டீ செலவு மன்றத்துடையது.